கேஸ் அடுப்புக்கு எதுக்கு ஓட்டை?

"கேஸ் அடுப்புக்கு எதுக்கு சார் ஓட்டை? புகையா வரப்போகுது?"

திண்டுக்கல் தாடிக்கொம்பு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, என் சித்தப்பா மகன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். பூச்சு வேலை முடிந்து அடுக்களையில் கடப்பா கல் ஏறியிருந்தது. பத்துக்கு எட்டு அடி. கிழக்கில் ஒரு ஜன்னல். திறந்தால் இரண்டடித் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். வரைபடத்தில் தெற்குச் சுவரில் இருந்த வெண்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மாடுலர் கிச்சன் அலமாரிக்கு இடைஞ்சலாம். ஏன் அடைத்தீர்கள் என்று நான் கேட்டபோதுதான் இன்ஜினியர் இந்த எதிர்க்கேள்வியைப் போட்டார். மரவேலை செய்பவர் சிரித்தார். "அண்ணே, நீங்க இன்னும் அப்பத்தா காலத்துலயே இருக்கீங்க" என்று தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

அந்த இன்ஜினியரைத் தனியாகக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது ஊர் வாக்கு. நாகல் நகர் லைன் வீட்டில் குடியிருப்பவரிடம் கேளுங்கள், பழனி ரோட்டில் மாடி மேல் மாடி எழுப்புகிறவரிடம் கேளுங்கள், இதே மூன்று பதில்தான் வரும். கேஸ் வந்த பிறகு புகை ஏது? புகைதான் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டுமே, அப்பத்தா எண்பத்தைந்து வயது வரைக்கும் ஊதாங்குழலோடுதானே இருந்தாள்? அதுவும் வேண்டாமென்றால் சிம்னிதான் மாட்டப்போகிறோமே? மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. புகையே கிடையாது, இருந்தாலும் கெடுதல் கிடையாது, கெடுதல் இருந்தாலும் மிஷின் பார்த்துக்கொள்ளும். மூன்றையும் நான் மறுக்கிறேன். அடுப்பு என்பது கடையில் வாங்கிக் கல்மேல் வைக்கிற சாமான் என்ற ஒரே நினைப்பிலிருந்துதான் மூன்றும் கிளைக்கின்றன. அடுப்பு வைப்பதென்றால், அந்த அறைக்குள் காற்று எந்த வழியாக நுழையும், எந்த வழியாக வெளியேறும் என்று முடிவு செய்வதும் அதில் சேர்த்திதான். அந்த முடிவை எடுப்பதையே நாம் விட்டுவிட்டோம்.

கேஸிலிருந்து தொடங்கலாம். எது எரிந்தாலும் காற்றைத் தின்றுதான் எரியும், எரிந்த பிறகு மிச்சம் விழும். மிச்சம் கறுப்பாக இல்லாததால் மிச்சமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிய ஏறத்தாழ பன்னிரண்டு, பதின்மூன்று கன மீட்டர் காற்று பிடிக்கும். எரிந்து முடிந்தால் மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் நீராவியும் மிஞ்சும். பிளஸ் ஒன் வேதியியல் தெரிந்த பிள்ளையே கணக்குப் போட்டுவிடும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 22, 23 லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் அந்த அறைக்குள் இறங்கியிருக்கிறது. ஒன்றரைக் குடம். சோறு கொதிக்கும் ஆவி இந்தக் கணக்கில் சேரவில்லை. அடுக்களைச் சுவரில் பெயின்ட் ஏன் உரிகிறது, பிளைவுட் கதவு ஏன் மூன்றே வருஷத்தில் உப்புகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் இந்தக் குடத்தை யோசிக்கலாம்.

தம்பியின் அடுக்களைக்கு வருகிறேன். பத்தடி உயரம் வைத்தால் 800 கன அடி, அதாவது 23 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பர்னரும் ஒரு மணி நேரம் நன்றாக எரிந்தால் முந்நூறு கிராம் அளவுக்குக் கேஸ் செலவாகும். அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அரை கன மீட்டர். அறை முழுக்க அடைபட்டிருந்தால் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் அதுவே நிற்கும். வெளிக்காற்றில் இருப்பதைப் போல ஐம்பது மடங்கு. நிஜத்தில் எந்த அடுக்களையும் அப்படி டப்பாவாக அடைபட்டிருக்காது, கதவு வழியாக வெளியே போய்விடும் என்பீர்கள். போகத்தான் செய்கிறது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் போகிறது.

கார்பன் டை ஆக்சைடாவது தலைவலியோடும் கொட்டாவியோடும் நிற்கும். நீலச் சுடரின் சூட்டில் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. இது மூச்சுக்குழாயை அரிக்கிற சரக்கு, இளைப்பு உள்ள குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. பர்னரில் அழுக்கு அடைத்து, காற்றுப் போதாமல் சுடர் மஞ்சளாக நின்றால் கார்பன் மோனாக்சைடும் சேரும். இதற்குப் பரிசோதனைக்கூடம் வேண்டாம். "பாத்திரமெல்லாம் கரி பிடிக்குதுங்க" என்று எந்த அக்கா சொன்னாலும் அந்த அடுப்பு காற்றுக்கு ஏங்குகிறது என்று அர்த்தம். அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

இதோடு தாளிப்பு. காய்ந்த எண்ணெயில் வரமிளகாய் விழுந்தால் தெருக்கோடியில் நிற்பவனும் தும்முகிறான், ஆனால் அடுக்களையில் புகை இல்லையாம்! மிகுந்த சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010-இல் சேர்த்தது. அதே வகுப்பில்தான் வீட்டு விறகுப் புகையும் இருக்கிறது. அடுப்பு மாறியும் மாறாத புகை இது. இண்டக்ஷன் அடுப்பு வாங்கினாலும் வடைச்சட்டி இதை விடாது.

கேஸுக்கு இன்னொரு குணம் உண்டு. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது; காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே எழும்பாது. கொட்டிய தண்ணீர் மாதிரி தரையோடு பரவும், பள்ளம் தேடும், கழிவுநீர்க் குழாயில் இறங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். உச்சியில் சுழலும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதைத் தொடக்கூடச் செய்யாது. போதாக்குறைக்கு, வாடை வந்ததும் பதறிப் போய் அந்த ஃபேனைப் போடுகிற சுவிட்சின் பொறியே தீக்குச்சியாகிவிடும். அதனால்தான் சிலிண்டர் நிற்கும் இடத்தில் தரையோடு ஒரு திறப்பு வேண்டும் என்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? கடப்பா கல்லுக்குக் கீழே அலமாரி செய்து, அதற்குள் சிலிண்டரை நிறுத்தி, பளபளப்பான கதவைச் சாத்தி, காந்தம் வைத்து இறுக்குகிறோம். வாடை தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்ற மருந்தைக் கலந்து அனுப்புகிறார்கள், நாம் அந்த நாற்றத்துக்கும் கதவு போட்டு வைக்கிறோம். நாளைக்குக் குழாய் கேஸ் வந்தால் கதை தலைகீழ். அது மீத்தேன், காற்றைவிட லேசு, உச்சியில் போய்த் தங்கும். ஆக மேலேயும் ஒரு வழி வேண்டும், கீழேயும் ஒரு வழி வேண்டும்.

இப்போது அப்பத்தா. இந்த வாதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அந்த வீட்டில் நான் வளர்ந்தேன். ஆத்தூர்ப் பக்கம், நாட்டு ஓடு வேய்ந்த வீடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே விரல் நுழையும். சுவர் முடிகிற இடத்துக்கும் கூரை தொடங்குகிற இடத்துக்கும் இடையே ஒரு சாண் வெளி. அடுக்களைக்குப் பின்வாசல் உண்டு, விடிந்தால் அடைந்தால் அது திறந்தேதான் கிடக்கும். கோடை வந்தால் அடுப்பே வாசலுக்குப் போய்விடும், மூன்று கல்லும் ஒரு தடுப்பும். நாங்கள் காட்டில் நின்று பார்த்தால் ஓட்டுக்கு மேலே நீலமாகக் கசிவது தெரியும், உலை கொதிக்கிறது என்று வீட்டுக்கு நடையைக் கட்டுவோம். யாரும் காற்றோட்டம் என்று பேசியதில்லை, காரணம் அந்த வீடே ஒரு ஓட்டை. வீடு முழுக்க மூக்கு. அப்பத்தாவுக்குக் கூட்டாளியாக இருந்தது அந்தக் கூரை.

அந்தக் கூரையைப் பிரித்துவிட்டுத் தார்சு போட்டோம். இரும்புக் கதவு, கண்ணாடி ஜன்னல், அதன்மேல் கொசுவலை, அதன்மேல் திரை. பிறகு "அப்பத்தாவுக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிறோம். அப்பத்தாவின் புகையை மட்டும் எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டை விட்டுவிட்டால் கணக்கு எப்படிச் சரியாகும்?

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் முழு உண்மையில்லை. கண்ணில் எப்போதும் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், விடிகாலை இருமல் எங்களுக்கு அலாரம். அவளுடைய ஓரகத்தி, எங்கள் சின்ன அப்பத்தா, ஐம்பதைத் தொடவில்லை. "இழுப்பு" என்றார்கள், அத்தோடு சரி. உயிரோடு இருந்த கிழவியைச் சாட்சிக்கு அழைக்கிறோம், போய்ச் சேர்ந்தவளை யாரும் அழைப்பதில்லை. வீட்டுக்குள் எரியும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா என்று சான்றிதழில் வேறு பெயர்களில் பதிவாகிற சாவுகள் இவை.

புகையால் பயன் உண்டென்று சொல்பவர்களோடு நான் சண்டை போடவில்லை. பரணில் கட்டித் தொங்கவிட்ட சோளக்கதிரில் வண்டு விழாது, கூரை ஓலை உளுத்துப் போகாது. உண்மைதான். ஓலைக்கும் வண்டுக்கும் பொருந்துகிற அந்த மருந்தைப் பேரப்பிள்ளையின் நெஞ்சுக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விறகு போய்விட்டது என்கிறார்களே, அதுவும் நகரத்துக்காரன் கண்ணோட்டம். தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் கேஸை முக்கிய எரிபொருளாகச் சொல்கின்றன, சரி. ஆனால் வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் போனால் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே சீமைக்கருவேல விறகுக் கட்டும் சாத்தி வைத்திருக்கும். டீயும் தோசையும் கேஸில். வெந்நீரும், மாட்டுக்குக் காய்ச்சுவதும், ஞாயிற்றுக்கிழமைக் கறியும் விறகில். ஆயிரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த சிலிண்டர் விலையை மறக்க அந்த வீட்டுப் பெண்கள் என்ன பைத்தியமா? தென்னை மட்டையும் பருத்திமாரும் காசில்லாமல் கிடைக்கின்றன. மாறியது அடுப்புக்கு மேலே இருந்த கூரை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு, பெரும்பகுதி கான்கிரீட் தளம். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் 25 சதுர மீட்டர், சமையலுக்குத் தனி இடம் அதற்குள்ளேயே. குடிசை ஒழியட்டும், நல்லதுதான். மழைக்கு ஒழுகாத வீடு யாருக்கு வேண்டாம்? ஆனால் குடிசையின் ஓலை இடுக்கு வழியாகத் தப்பித்த புகை கான்கிரீட் தளத்தில் முட்டிக் கீழே திரும்புகிறது. அந்த வீடுகளுக்குக் கதவு, ஜன்னல், கழிப்பறை எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் தவணைப் பணம் விடுகிறார்கள். புகைக்கு வழி இருக்கிறதா என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் இருந்தால் செலவு என்ன ஆகிவிடும்? ஒரு சிமெண்ட் குழாய், ஒரு தொப்பி.

இந்த ஊருக்கு இது புதுச் செய்தியும் இல்லை. 1940-களிலேயே வார்தாவின் மகன்வாடியில், ஜே.சி.குமரப்பா வளர்த்தெடுத்த கிராமத் தொழில் சங்கத்தில், புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை வடிவமைத்து அதற்கு மகன் அடுப்பு என்று பெயர் வைத்தார்கள். 1953-இல் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்து எஸ்.பி.ராஜு புகையில்லா அடுக்களை பற்றித் தனியாக நூலே எழுதினார். தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா கடைசிக் காலத்தைக் கழித்தது நமக்குப் பக்கத்தில், மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில். சின்னாளபட்டியை ஒட்டி, டாக்டர் சௌந்தரமும் கோ.ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தில் ஊரக எரிசக்திக்கென்று ஒரு மையமே இயங்கிவந்தது. திண்டுக்கல்லிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்.

அப்புறம் 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தது, 2002-இல் மூடியது. நடுவே மூன்று கோடிக்கு மேல் அடுப்பு கொடுத்ததாகக் கணக்கு. ஏன் தோற்றது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன்: அடுப்பை எண்ணினார்கள், குழாயை எண்ணவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தது, யாரும் குத்திச் சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓடு ஒழுகியது, குழாயைப் பிடுங்கிப் போட்டுத் துளையை அடைத்தார்கள். ஒடிசாவில் பல வருஷம் நடந்த ஓர் ஆய்வும் இதையேதான் கண்டது. முதல் வருஷம் புகை குறைந்தது, பழுது பார்க்க ஆளில்லாமல் போகப்போகப் பலனும் போய்விட்டது.

படித்தவர்கள் எடுக்கும் ஆயுதம் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கர்ப்பிணிகளும் சேர்ந்த நான்கு நாட்டு ஆய்வு ஒன்று நடந்தது. மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் பெண்கள்; பாதிப் பேருக்கு கேஸும் அடுப்பும் இலவசம். அவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவில் நின்றது; மற்றப் பாதிப் பேருக்கு அது 70. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடை சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. 2022-இல் வெளிவந்த இந்த முடிவை வைத்துக்கொண்டு, "பாருங்கள், புகை புகை என்று பயமுறுத்தினீர்களே" என்கிறார்கள். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த 24-ஏ உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்கு வைத்திருக்கும் 5 என்ற எல்லையைப் போல ஐந்து மடங்கு. அடுப்பை மட்டும் மாற்றினால் காற்று பாதி தூரம்தான் வரும் என்பது அதில் தெரிகிறது. குவாத்தமாலாவில் திறந்த அடுப்பை எடுத்துவிட்டுப் புகைபோக்கி வைத்த விறகடுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. குழந்தைகளின் நிமோனியா மொத்தமாகத் தெளிவாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை; ஆனால் உயிரை எடுக்கிற கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விறகு அதே விறகுதான். கூடுதலாக இருந்தது ஒரு குழாய்.

மூன்றாவது வாதத்தை, அதாவது சிம்னியை, கடைக்காரரே எனக்கு உடைத்துக் கொடுத்தார். டவுனில் ஒரு கடையில் தம்பியோடு போய் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு 1,200 கன மீட்டர் இழுக்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "டக்ட் எங்க விடணும்?" என்று கேட்டேன். "டக்ட்டே வேண்டாம் சார், கார்பன் ஃபில்டர் மாடல் இருக்கு, காத்தைச் சுத்தம் பண்ணி உள்ளேயே விட்டுடும்" என்றார். கரித்தூள் கொஞ்சம் வாடையை இழுக்கும், கம்பி வலை கொஞ்சம் எண்ணெயைப் பிடிக்கும். நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மோனாக்சைடு, சூடு எல்லாம் அப்படியே முகத்தில் திரும்ப அடிக்கும். பெயர் மட்டும் சிம்னி. டக்ட் உள்ள மாடலை வாங்கினாலும் அதைப் பரணுக்குள் விட்டு முடித்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன். பரணில் வைத்த பித்தளைப் பாத்திரமெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது, அவர்களுக்குக் காரணம் புரியவில்லை. ஸ்டிக்கரில் இருக்கும் எண் குழாய் மாட்டாமல் அளந்தது. மூன்று வளைவு கொடுத்து, பத்தடி இழுத்து, கொசுவலை ஒன்றையும் முனையில் கட்டினால் பாதிகூட மிஞ்சாது.

வாஸ்துக்காரர்களோடு எனக்குப் பெரிய தகராறில்லை. அக்னி மூலை என்று தென்கிழக்கைச் சொல்கிறார்கள். வீட்டின் மூலை என்றால் வெளிச்சுவர் இரண்டு கிடைக்கும். கிழக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று, ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறக் காற்றுக்கு இதைவிட நல்ல இடம் வீட்டிலேயே இல்லை. மணையடி பார்த்து, பரிகாரம் செய்து, அந்த மூலையைப் பிடிக்கிறோம். பிடித்த பிறகு இரண்டு சுவரையும் அலமாரியால் மூடிவிடுகிறோம்.

ஜன்னலைத் திறந்தால் ஆடிக் காற்றில் அடுப்பு அணைந்துவிடும் என்பார்கள். அணையும், ஜன்னலை அடுப்புக்கு நேரே வைத்தால். ஒரு கை தள்ளி வைத்தால் அணையாது. பூனை வரும், கரப்பான் வரும் என்பார்கள். வலை அடிக்கலாம், மாதம் ஒருமுறை எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க மட்டும் ஆள் வேண்டும். இதில் நியாயமான சிக்கல் பக்கத்து வீடுதான். நம் கருவாட்டு வாசம் அவர் படுக்கையறைக்குப் போகக் கூடாது. அதற்கு வழி குழாயை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோவது. தேசியக் கட்டட நெறிமுறை 2016 அடுக்களைக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் ஜன்னல் கேட்கிறது. அது திறந்த வெளியைப் பார்க்க வேண்டும், குழாய்கள் ஓடும் பொந்துக்குள் திறந்தால் செல்லாது என்றும் சொல்கிறது. ஒரு சதுர மீட்டர் என்பது ஒரு சாதாரண மேசையின் அளவு. அந்த அளவு இடத்தைக் காற்றுக்கு விட நமக்கு மனம் வரவில்லை.

மொட்டைமாடியில் இப்போது விறகடுப்பு கட்டுவது புது மோகம். பிரியாணிக்கு விறகு ருசி வேண்டுமாம். இந்த ஊர்க்காரனாக அந்த ருசியை நான் மறுக்க மாட்டேன், சீரகச் சம்பாவுக்கு அது ஒரு கொடுப்பினைதான். புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்களைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அவர்கள் சமைப்பது திறந்த வயல்வெளியில் என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. தகர ஷீட் போட்டு, மூன்று பக்கமும் மறைத்து, அதற்குள் விறகை வைத்தால் அது வேறு விவகாரம். குழாய் வைக்கிறவர்களும் ஷீட்டுக்கு மேலே அரை அடி நீட்டிவிட்டு நிறுத்துகிறார்கள். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோ படிக்கட்டுக் கூண்டோ உயர்ந்து நின்றால் காற்று அதில் மோதித் திரும்பிப் புகையைக் குழாய்க்குள்ளேயே தள்ளும். பத்தடி தூரத்துக்குள் எது உயரமோ அதற்கு மேல் இரண்டடி குழாய் நிற்க வேண்டும்.

"சமவெளியில நமக்கென்ன, கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குறது மலைக்காரன்" என்பவர்களுக்கு ஒன்று. 2024 ஆகஸ்டில், நம் மாவட்டத்துக் கொடைக்கானலில், விடுதி அறைக்குள் பார்பிக்யூ கரியை அணைக்காமல் உறங்கிய இருவர் எழுந்திருக்கவில்லை. சமவெளியில் குளிருக்காகக் கதவைச் சாத்துவதில்லை, ஏசிக்காகச் சாத்துகிறோம். குளியலறையில் கேஸ் கீசர் மாட்டிக் கதவைச் சாத்துகிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது; ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை இருநூறு மடங்கு பிடிமானத்தோடு பிடித்துக்கொள்ளும். அதே ஆண்டு டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல்–திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்ததை ஊர் மறந்திருக்காது. ஆறு பேர் போனார்கள், ஒரு குழந்தையும் அதில். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள், மூச்சுத் திணறி. நெருப்பு அவர்களைத் தொடுவதற்கு முன்பே புகை போய்ச் சேர்ந்துவிட்டது.

இதையெல்லாம் நான் அன்றைக்கு தம்பி வீட்டில் பேசவில்லை. பேசினால் டீ ஆறிவிடும். கடைக்குப் போய் ஒரு பாக்கெட் ஊதுபத்தி வாங்கி வந்தேன். வாசல் கதவு, படுக்கையறைக் கதவெல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு, அடுப்பு வரப்போகிற இடத்தில் கடப்பா கல்மேல் இரண்டு குச்சியைக் கொளுத்தி நிறுத்தினேன். புகை நேராக எழுந்தது, தளத்தைத் தொட்டது, ஜன்னலை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நிலைப்படிக்கு மேலாக ஹாலுக்கு நடந்தது. அங்கிருந்து படிக்கட்டில் ஏறி, பிள்ளைகளுக்கென்று மேலே கட்டிய அறைக்குள் நுழைந்தது. பிறகு தற்காலிகமாக ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளியே பார்த்து வைத்து ஓடவிட்டோம். கதவெல்லாம் சாத்தியிருக்கும்வரை புகை ஜன்னல் பக்கம் அசையவே இல்லை. உள்ளே வரக் காற்று இல்லாதபோது எதை வெளியே தள்ளும்? வாசல் கதவை ஒரு சாண் திறந்ததும் குச்சியின் புகை வளைந்து ஜன்னலுக்கு ஓடியது. மரவேலை செய்பவர்தான் முதலில் குனிந்து பார்த்தார். அவர் வீட்டில் கேஸ் அடுப்பு எங்கே இருக்கிறது என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அலமாரி ரெண்டடி குறைஞ்சா பரவால்லண்ணே" என்றான். மரவேலைக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தெற்குச் சுவரில் உயரமாக ஒரு வட்டம் போட்டார், டக்ட் வெளியே போக. பக்கத்திலேயே பழைய வெண்டிலேட்டர் இருந்த இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. ரப்பர் குழாய் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, கசிந்தால் 1906 என்ற எண்ணுக்கு அடிக்க வேண்டும் என்றெல்லாம் தம்பி மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்த நான் திரும்பி, "கீழயும் ஒண்ணு போடுங்க. சிலிண்டர் நிக்கிற எடத்துல, தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துக்குள்ள" என்றேன்.

அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் நிமிர்ந்தார்.

"கீழ எதுக்கு சார்? கேஸ் மேலதானே போகும்?"